உருகாத டின்

எனக்கு முதலில் அநியாயம் செய்தவன் வஜ்தி. என் மனைவியின் தம்பி. எங்கள் அஜ்லூன் ஊர்க் கடைத்தெருவில் இதை நான் சொல்லாத கடை ஏதாவது இருந்தால் தெரிவிக்கவும், போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், மகள் கல்யாணத்துக்கு என்று என்னிடம் ஒரு டின் ஆலிவ் எண்ணெய் வாங்கிப் போனான். கிணற்றடி மரத்துக் காய். முதல் பிழிவு. விழுங்கினால் இருமல் வரும். அதுதான் எண்ணெய். "அறுவடை முடிஞ்சதும் தந்துடறேன் மச்சான்" என்றான். இரண்டு அறுவடை முடிந்தது. அந்த மகளுக்கு இரண்டு பிள்ளைகளும் பிறந்துவிட்டன. டின் மட்டும் வரவில்லை.

எனவே சபதம் எடுத்தேன். டின் வராமல் வஜ்தியின் முகத்தில் விழிப்பதில்லை.

இந்த ஜனவரியில் அவன் மகனுக்குப் பெண் கேட்க நாள் குறித்தார்கள். வியாழக்கிழமை. எங்கள் வழக்கப்படி பெண் கேட்க நாற்பது ஆண்கள் போவோம். பேசுவது ஒருவர். பெண் வீட்டார் தரும் காப்பியை அவர் குடிக்காமல் கீழே வைத்து, சம்மதம் சொல்லும்வரை முறைக்க வேண்டும். முறைப்பதில் ஊரில் என்னை மிஞ்ச ஆளில்லை.

"நீங்கதான் பேசணும், அபூ முன்திர்" என்றாள் என் மனைவி உம்மு முன்திர். முன்திரின் அப்பா, முன்திரின் அம்மா: மகன் பிறந்ததிலிருந்து எங்கள் இருவருக்கும் இதுதான் பெயர்.

"டின் வரட்டும்."

"கல்யாணக் காரியங்க."

"டின்."

"பையன் என்ன பாவம் பண்ணான்?"

"அக்கா கல்யாணத்துல என் எண்ணெயில பொரிச்ச கோழியைத் தின்னான்ல?"

அவள் மறுபேச்சுப் பேசாமல் உள்ளே போனாள். அங்கேயே நான் பயந்திருக்க வேண்டும். முப்பத்தெட்டு வருட அனுபவம் வீண்.

புதன்கிழமை சமையலறை மூலையில் ஒரு டின் உட்கார்ந்திருந்தது.

"உன் தம்பி அனுப்பினானா?"

"டின் வந்திருக்கு. பாத்துக்கங்க."

மூடியைத் திறந்தேன். வெள்ளையாக, கெட்டியாக இருந்தது. எனக்கா தெரியாது? இந்தக் குளிரில் நல்ல எண்ணெய் உறையும். விரலால் வழித்து நாக்கில் வைத்தேன். இருமல் வந்தது. என் மரமேதான்!

வியாழக்கிழமை காப்பியைக் கீழே வைத்தேன். முறைத்தேன். பெண்ணின் அப்பா மூன்றே நிமிடத்தில் சம்மதித்துவிட்டார். காப்பியைக் குடித்த உற்சாகத்தில் வஜ்தியை இழுத்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்து, "எனக்கும் இவனுக்கும் நடுவுல ஒரு பாக்கியும் கிடையாது!" என்று நாற்பது பேர் முன்னால் முழங்கினேன். வஜ்தி ஏனோ முழித்தான்.

வீட்டுக்கு வந்ததும் டின்னைக் கணப்புக்கு அருகே வைத்தேன். மேலே இரண்டு விரல் உயரம் உருகியது. ரொட்டியைத் தோய்த்துத் தின்றேன். சொர்க்கம். மறுநாள் அது தீர்ந்துவிட்டது. அடியில் இருந்ததோ உருகவே இல்லை. டின்னைக் கணப்போடு ஒட்டி வைத்தேன். அசையவில்லை. ஒரு துண்டைப் பெயர்த்துச் சட்டியில் போட்டு, வெந்நீர் ஊற்றி அடுப்பில் வைத்தேன். நுரை பொங்கி அடுப்பையே அணைத்துவிட்டது.

"உம்மு முன்திர்! இந்த எண்ணெய்க்குப் பேய் பிடிச்சிருக்கு!"

"அது சோப்புங்க."

"சோப்பா?"

"நம்ம பழைய எண்ணெயில காஸ்டிக் சோடா சேத்துக் காய்ச்சி, டின்னுல ஊத்தி வச்சேன். மேல மட்டும் கிணத்தடி எண்ணெய்."

"வந்திருக்குன்னு பொய் சொன்னியே!"

"டின் வந்திருக்குன்னுதான் சொன்னேன். பரண்லேருந்து வந்துச்சு."

"மரியாதையா இதைத் திரும்ப எண்ணெயாக்கு."

"ஆகாது."

"பனிக்கட்டி தண்ணியாகுதே?"

"அது எப்பவும் தண்ணிதான். உருவம்தான் வேற."

"தண்ணியில கரைச்ச உப்பு?"

"வெயில்ல வைங்க, உப்பு திரும்பக் கிடைக்கும்."

கோபத்துக்கு நடுவே எனக்கு ஆர்வம் வந்துவிட்டது. நான் படித்தது நாலாம் வகுப்பு. இதையெல்லாம் யாரும் எனக்குச் சொன்னதில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"சர்க்கரை?"

"கரைச்சா வரும். கருக்கினா வராது."

"மெழுகுவத்தி?"

"உருகி வழிஞ்சது மறுபடி மெழுகாகும். எரிஞ்சது போனதுதான். ரெண்டு வருஷமா நீங்க எரிஞ்சீங்களே, அந்த மாதிரி."

"ரொட்டி மறுபடி மாவாகுமா?"

"நீங்க தின்னது மறுபடி ரொட்டியாகுமா?"

அந்தக் கேள்வியோடு என் ஆர்வம் அடங்கியது. கோபம் மிச்சமிருந்தது. எழுந்து ஒரு காலில் செருப்பை மாட்டினேன்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"வஜ்தி வீட்டுக்கு. அன்னிக்குச் சொன்னதைத் திரும்ப வாங்கப் போறேன்."

"போங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போங்க. நாப்பது பேர் முன்னாடி, காப்பி குடிச்சு, முத்தம் குடுத்துச் சொன்ன வார்த்தை உறைஞ்ச எண்ணெயா, சோப்பா?"

யோசித்தேன். ஒரு செருப்போடு நின்று நெடுநேரம் யோசித்தேன்.

"சோப்பு" என்றேன்.

"சமத்து. அதைப் போட்டுக் கையைக் கழுவிட்டு வாங்க. சாப்பாடு ஆறுது."

கழுவினேன். நல்ல சோப்புதான், பொய் சொல்லக் கூடாது. வஜ்தி எனக்கு இன்னமும் ஒரு டின் எண்ணெய் தர வேண்டும்.