இறந்த ஆடும் சிறந்த ஆடும்

தொப்பூர் கணவாயில் லாரிக்காரர்களுக்கு டீ ஆற்றியவன் நான். படிப்பு மூன்றாம் வகுப்பு, அதிலும் பாதி. அந்தக் கையால் தருமபுரியில் ஒரு அச்சகம் கட்டினேன். அதன்மேல் மாடி கட்டினேன். மாடியில் ஒரு வாரப் பத்திரிகையையே கட்டி நிறுத்தினேன். சொந்தக்காரனெல்லாம் சிரித்தான், நான் சட்டை பண்ணவில்லை. ஆனால் என்னிடம் பிழை திருத்திய 'சந்தேகம்' சாரை மட்டும் எதையும் நம்பவைக்க என்னால் முடியவில்லை. அப்படியொரு சந்தேகப் பிராணி இந்த ஜில்லாவிலேயே பிறந்ததில்லை.

"இன்னைக்கு வெள்ளிக்கிழமை" என்றால் காலண்டரைப் பார்ப்பார். அப்புறம் அது இந்த வருஷத்துக் காலண்டர்தானா என்று பார்ப்பார். கல்யாணச் செய்தி வந்தால் பெண் வூட்டுக்குப் போன் போட்டு, "பொண்ணுக்குச் சம்மதந்தானுங்களா?" என்பார். இரங்கல் செய்தி என்றால் பஸ் ஏறி நேரிலேயே போய்விடுவார். ஒருமுறை அப்படிப் போனபோது கதவைத் திறந்ததே காலமானவர்தான்! பங்காளித் தகராறில் யாரோ கொடுத்த பொய்ச் செய்தி. அதற்கப்புறம் அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை.

பாப்பிரெட்டிப்பட்டியில் ஒரு சாவைச் சரிபார்க்க அவர் போயிருந்த நாளில்தான் வினை வந்தது. பென்னாகரத்தில் ஒரு பாய் புதுக் கறிக்கடை திறந்திருந்தார். அந்தச் செய்திக்குச் சார் வைத்துவிட்டுப் போன தலைப்பு எனக்குச் சப்பென்று இருந்தது. பேசினால் தானே எழுதிக்கொள்ளுமே, அந்தப் போனை எடுத்து, 'பென்னாகரத்தில் சிறந்த ஆட்டுக்கறி' என்றேன். வாய் நிறைய வெற்றிலை. முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் வந்தது: 'பென்னாகரத்தில் இறந்த ஆட்டுக்கறி'.

பாய் பத்திரிகையோடு வந்து நின்றார். "மொதலாளி, பிஸ்மி சொல்லி அறுக்கிற கைங்க இது. தானாச் செத்த ஆட்டை விக்கிறேன்னு போட்டுட்டீங்களே! ஞாயித்துக்கெழமை கடைக்கு ஒரு ஆள் வரலீங்க. நிக்காஹ் ஆர்டரும் போயிருச்சு."

"எல்லாக் கறியும் செத்த ஆடுதானே பாய், உசுரோடவா தொங்க விடறீங்க?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது.

சந்தேகம் சார் ஆபீஸில் ஒவ்வொருவரையும் விசாரித்தார். பக்கம் கட்டுகிற பெண்ணுக்கு மட்டும் உண்மை தெரியும். அவளை நான் கண்ணாலேயே அடக்கி வைத்திருந்தேன். கடைசியில் என் முன்னால் வந்து, என் சிவந்த வாயையே பார்த்தார். வெற்றிலையை அப்படியே விழுங்கிவிட்டேன்.

திருத்தம் என்றால் எங்களுக்கு ஒரு வழக்கம். கடைசிப் பக்கம், ராசிபலனுக்குக் கீழே, எறும்பு அளவு எழுத்து.

"தப்பு மட்டும் மொதப் பக்கம், திருத்தம் சந்துலயாங்க? அதே எடம், அதே எழுத்து. இல்லீன்னா நான் வூட்டுக்குப் போறேன்" என்றார் சார்.

போடச் சொன்னேன். வந்ததும் பார்த்தால், கீழே அவரே ஒரு வரி சேர்த்திருந்தார்: 'இது பிழை திருத்துபவரின் தவறு.'

இப்போது எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. செய்யாத தப்பை ஒரு மனுஷன் எதற்குத் தலையில் போட்டுக்கொள்கிறான்? என் நாற்காலிக்கு அடி போடுகிறானோ? பாயோடு ஏதாவது ரகசியமோ? அடுத்த ஞாயிறு அவர் பென்னாகரம் பஸ் ஏறியதும் வண்டியை எடுத்துப் பின்னாலேயே போனேன்.

கறிக்கடை வாசலில் பத்திரிகையை விரித்து, போகிறவன் வருகிறவனையெல்லாம் நிறுத்தி வாசித்துக்கொண்டிருந்தார். "சி போட்டுப் படிங்க, சி!" அப்புறம் பாயைப் பிடித்துக்கொண்டார். எப்போ அறுத்தது, யார் அறுத்தது, ஆடு எந்தச் சந்தையில் வாங்கியது என்று அரைமணி நேரம் குடைந்துவிட்டு, முதல் ஆளாக அரைக் கிலோ வாங்கினார்.

"இந்த ஆளே நம்பி வாங்கறாருன்னா, அப்புறம் என்னங்க?" என்றார் ஒரு பெரியவர். தூரத்தில் நின்ற கூட்டம் ஒவ்வொருவராக வரிசைக்கு வந்தது. பாய்க்குக் கை ஓயவில்லை.

புளியமரத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்த என்னிடம் சார் நேராக வந்து கறிப்பையை நீட்டினார்.

"நான் சைவம்ங்க. இது உங்களுக்கு."

"நான் வருவேன்னு உமக்கு எப்படிய்யா தெரியும்?"

"ஒரு சந்தேகந்தாங்க."

போன மாதம் அவருக்கே இரங்கல் செய்தி வந்தது. நான் நம்பவில்லை. நேரிலேயே போனேன். கதவை அவர்தான் திறப்பார் என்று வாசலில் நின்றேன். மகள் திறந்தாள்.

ஆகவே ஒரு திருத்தம். அச்சகம், மாடி, பத்திரிகை எல்லாம் நான் கட்டியது என்றேன். அந்த 'இறந்த ஆட்டுக்கறி'யும் நான் கட்டியதுதான். அதை அவர் தலையிலிருந்து எடுத்து, என் பேரில் போடுங்கள். அதே கொட்டை எழுத்தில். என் பங்கை இன்னொருத்தருக்கு விட்டுக்கொடுத்து எனக்குப் பழக்கமில்லை.