ஒரு சஹனில் ஏழு கை

ஆரையம்பதி,
சனிக்கிழமை.

அன்புள்ள மருமகன் மதுஷனுக்கு,

மாமா கோணாமலை எழுதுவது. கண்ணகை அம்மன் காவலில் நான், உன் மாமி, வள்ளம், வலை எல்லாரும் சுகம். கொழும்பில் படத்தை வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கும் நீயும் சுகமாயிருக்க வேண்டும். இதைப் போனில் சொல்லியிருக்கலாம். மாமி காதில் விழுந்தால் பிறகு என்னை வாவிப் பக்கமே விடமாட்டாள். அதனால்தான் கடிதம்.

நீ எடுத்தது நட்புப் படம். ஆரையம்பதி மீன்காரனும் காத்தான்குடிப் புடவைக்கடைக்காரரும் கூட்டாளியாகிற கதை. மீன்காரன் நான், கடைக்காரர் ஹமீட் காக்கா. பக்கத்துப் பக்கத்து ஊராயிருந்தும் இந்தப் படத்துக்கு முதல் நாங்கள் முகம் பார்த்துச் சிரித்ததில்லை. கடைசிக் காட்சியில், அவர் வீட்டு முற்றத்தில் பாய் விரித்து, ஒரு பெரிய சஹனில் சோறு வைத்து, நம்மட ஆக்கள் மூன்று பேரும் அவர்கள் ஆக்கள் மூன்று பேருமாகச் சுற்றியிருந்து ஒரே தட்டில் கைபோட்டுத் தின்னச் சொன்னாய். எனக்கு அந்தப் பழக்கம் எங்கே! கூச்சத்தில் ஓரத்துச் சோற்றையே கிண்டிக்கொண்டிருந்தேன். அப்போது இடப்பக்கம் இருந்த மனிதர் கோழிக்காலைப் பிய்த்து என் பக்கம் தள்ளி, "தின்னுங்க, வெக்கப்படாதீங்க" என்றார். கை பட்டது, ஐஸ் மாதிரிக் குளிர். வாவித் தண்ணி வாசம் வேற. நல்ல மனிசன் எண்டு நானும் திண்டன்.

நீ போனுக்கு அனுப்பிய படத் துண்டை நேற்று ஹமீட் காக்காவின் கடையில் வைத்துப் பார்த்தோம். காக்கா போனை உற்றுப் பார்த்து, "அண்ணன், உங்களுக்குப் பக்கத்துல இருக்கிறது ஆரு? உங்கட ஊராளா?" என்றார்.

"இல்லையே காக்கா. உங்கட ஆள் எண்டுதானே நான் நினைச்சன்."

"யா அல்லாஹ்! உங்கட ஆள் எண்டுதானே நாங்களும் நெனச்ச!"

எண்ணினோம். ஆறு பேர் சஹனில் ஏழு கை. நம்மவர்களை விசாரித்தால் "அவங்கட ஆள்" என்கிறார்கள். அவர்களை விசாரித்தாலும் அதே பேச்சு. கமராவுக்குப் பின்னால் நின்ற நீயும் அப்படித்தான் நினைத்திருப்பாய், என்ன? மழையே இல்லாத நாளில் அந்த மனிதரின் சட்டை சொட்டச் சொட்ட நனைந்திருக்கிறது. கமராவை ஒருதரம்கூடப் பார்க்கவில்லை. சோற்றையேதான் பார்க்கிறார்.

இரண்டு ஊர் எல்லையில் திரை கட்டிப் படம் காட்டப் போகிறாய். சனம் இதைக் கண்டால் "உங்கட பேய்" என்று ஒரு பக்கமும் "இல்ல, உங்கட ஜின்" என்று மறுபக்கமும் தொடங்கிவிடும். பிறகு நானும் காக்காவும் பழையபடி முகத்தைத் திருப்பிக்கொண்டு போக வேண்டியதுதான். அது எனக்கு ஏலாது. இந்த வயதில் கிடைத்த ஒரே கூட்டாளி. ஆகையால் அந்த மனிதரை வெட்டி எறி. அவரோடு சேர்ந்து நானும் வெட்டுப்பட்டால் படட்டும்.

உன் அம்மாவுக்கு என் அன்பைச் சொல். கண்ணகை அம்மன் உன் கண்ணையும் கமராவையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
பயந்துபோன மாமா,
கோணாமலை

பி.கு.: வெட்டாதே. கடிதத்தை ஒட்டுவதற்குள் ஹமீட் காக்கா பகல் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். அவர் மனைவி றஸீனா சஹன் நிறையச் சோறு வைத்தார். நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். கொஞ்சம் தின்றுவிட்டுப் பார்த்தால் சோற்றில் மூன்று பள்ளம். மூன்றாவது பள்ளத்துப் பக்கம் பாய் நனைந்திருக்கிறது. எழும்பி ஓடப் பார்த்த என்னைக் காக்கா பிடித்து இருத்தினார். "பயப்படாதீங்க அண்ணன். எங்கட ஆக்கள் உங்கட ஆளெண்டு விட்டுட்டாங்க, உங்கட ஆக்கள் எங்கட ஆளெண்டு விட்டுட்டாங்க. நாம ரெண்டு பேரும் ஒண்டா இருந்தாத்தான் மனிசனுக்குச் சோறு. பாவம், எவ்வளவு காலத்துப் பசியோ." கோழிக்காலை எடுத்து அந்தப் பக்கம் தள்ளினேன். நாளைக்கு நம்மட வீட்டில் சோறும் மீன் ஆணமும். விருந்துக்கு இரண்டு பேர் என்று மாமியிடம் சொன்னேன். ஒன்று ஹமீட் காக்கா, மற்றது ஆர் என்று கேட்டாள். காக்காவின் ஆள் என்று சொல்லிவிட்டேன்.