வலது மேல் மூலையில் ஒரு புது நோய்

நான் ஒரு முட்டாள். அடக்கத்துக்காகச் சொல்லவில்லை; இரண்டு பேராசிரியர்கள் நேரலையில் பார்த்து உறுதிசெய்த விஷயம் இது.

உத்தமபாளையத்தில் எம்.எஸ்ஸி. முடித்திருந்த நேரம். அறிவியல் படமெடுப்பு ஆய்வுக்கு ஆள் தேவை என்று வெளியூர் ஆய்வு நிறுவனம் ஒன்று விளம்பரம் செய்திருந்தது. முனைவர் பட்டத்துக்கு ஓர் இடம், அந்தப் பட்டம் வாங்கியவர்கள் மேற்கொண்டு ஆய்வு செய்ய இன்னோர் இடம். நான் இரண்டுக்குமே விண்ணப்பித்தேன். (பெண் பார்க்கும் முன்பே பிள்ளையின் காதுகுத்துக்கு மண்டபம் பிடித்த மாதிரி.) முதலாவதுக்கு இணையவழி நேர்காணல் வந்தது. நுண்ணோக்கியில் நானே எடுத்த படங்களைக் காட்ட வேண்டுமாம்.

கல்லூரி ஆய்வகத்துக்கு ஓடினேன். கம்பத்தில் மாமாவின் திராட்சைத் தோட்டத்து இலையை வைத்துப் பார்த்தால், ஓரத்தில் ஒரு கரிய வளையம். எந்தப் புத்தகத்திலும் இல்லாத வளையம்! சின்னமனூர் வாழை இலையை வைத்தேன், அதிலும் இருந்தது. போடி ஏலக்காய் இலையிலும் இருந்தது. வேறு எவனாக இருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பான். நான் பெயர் வைத்தேன்: 'கம்பத்துக் கருவளையம்', கம்பம் பள்ளத்தாக்கையே பிடித்துவிட்ட புதிய பூஞ்சை. (அறிவியலில் பெயர் வைப்பதுதான் கஷ்டமான வேலை என்று அப்போது நம்பியிருந்தேன்.)

அத்தோடு வாயை மூடியிருக்கலாம். மாமாவுக்குப் போன் போட்டேன்.

"ஏலே மாப்ள, வெள்ளாமைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

"ஒலகத்துலயே புது நோய் மாமா! நாந்தேன் கண்டுபிடிச்சிருக்கேன்."

மாமா பட்டென்று போனை வைத்துவிட்டார். பிரமித்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

நேர்காணலன்று ஒரு பை நிறைய இலையோடு ஆய்வகத்துக்கே வந்து உட்கார்ந்துவிட்டார். "நீ பேசு. படிச்சவுக என்ன மருந்து சொல்றாகன்னு கேட்டுட்டுப் போறேன்."

திரையில் இரண்டு பேர். ஒருவர் நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தார். இன்னொருவர் தமிழ் பேசும் பேராசிரியை. (தப்பித்தோம் என்று நினைத்தேன்.) அவர் மூன்று படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"தம்பி, மூணு இலையிலயும் உங்க பூஞ்சை வலது மேல் மூலையிலயேதான் இருக்கா?"

இங்கேயாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

"ஆமா மேடம். அதுக்கு வெளிச்சம் ஆகாது. மூலையில ஒதுங்கிக்கிடும்" என்றேன்.

மற்றவரின் தலையாட்டல் நின்றது.

"இப்ப நேரலையில காட்டுங்க. ம்... அப்படியே இலையை எடுத்துடுங்க."

எடுத்தேன். திரை வெள்ளையானது. அந்த வெட்டவெளியில், வலது மேல் மூலையில், என் பூஞ்சை மட்டும் கம்பீரமாக நின்றது. இலை இல்லாமலும் அது உயிர்வாழும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். (சத்தியமாக.) அதற்குள் மாமாவின் தலை மடிக்கணினியின் கேமராவுக்குள் நுழைந்தது.

"ஏலே, எலையத்தேன் எடுத்துட்டயே. பெறகு அது எங்கன நிக்குது?"

பேராசிரியை சிரிப்பை அடக்கிக்கொண்டு அவருக்கே பதில் சொன்னார். "ஐயா, அது நுண்ணோக்கி கேமராவுல ஒட்டுன தூசி. இலைக்கு ஒண்ணும் இல்ல."

மாமா திரையைக் கையெடுத்துக் கும்பிட்டார். அந்த நேர்காணலில் மனநிறைவோடு எழுந்து போனவர் அவர் ஒருவர்தான். எனக்கு இடம் கிடைக்கவில்லை என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

பிறகு எப்படியோ வேறோர் ஆய்வகம் என்னைச் சேர்த்துக்கொண்டது. போன மாதம் நான் எடுத்த படம் ஓர் ஆய்விதழின் அட்டையில் வந்தது. பெருமை தாங்காமல் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டுப் பாராட்டுக்காகக் காத்திருந்தேன். முதல் பதில் மாமாவிடமிருந்து:

"தொடச்சிட்டு எடுத்தயா?"