முழங்கால் மெதுவாக ஆறட்டும், மாப்பிள்ளை

கலினா கிராமம், சஸ்காச்சுவான்
புதன்கிழமை காலை

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை ரெமி அவர்களுக்கு,

மாமனார் ஓரெஸ்ட் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் மாமியார் நாடியாவும் நலம். மைனஸ் முப்பத்தெட்டுக் குளிரிலும் சாவியை ஒரு தடவை திருப்பியதுமே கார் கிளம்பியது, ஆகவே அதுவும் நலம். அங்கே உங்கள் நலம், என் மகள் லரிஸாவின் நலம், ஐந்து வாரமாக உங்கள் வீட்டு சோபாவில் படுத்துத் தூங்கும் என் மகன் டானிலோவின் நலம், உங்கள் முழங்காலின் நலம் எல்லாம் அறிய ஆவல். இதில் முழங்காலின் நலத்தை மட்டும் அடுத்த வாரம் அறிந்தால்கூடப் போதும், அவசரமில்லை.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். உங்கள் மனைவி என் எண்ணைத் தன் போனிலும் தடுத்துவிட்டாள், உங்கள் போனிலும் தடுத்துவிட்டாள். நான் செய்த குற்றம், தினமும் காலையில் கூப்பிட்டு, "மாப்பிள்ளை எப்படி நடக்கிறார்?" என்று கேட்டது. நாலு வாரம் அவளுக்கு அது பாசமாகத் தெரிந்தது. போன திங்கட்கிழமை அவள், "இன்னைக்கு மாடிப்படி ஏறிட்டார்ப்பா" என்றாள். நான், "ஐயையோ" என்றேன். வாயில் வந்துவிட்டது, மாப்பிள்ளை.  உடனே, "அப்பா, என் புருஷன் எழுந்து நடக்கணும்னு கேக்குறீங்களா, நடக்கக் கூடாதுன்னு கேக்குறீங்களா?" என்றாள். நான் பேச்சை மாற்றிக் குளிரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். "அவருக்கு முப்பத்தஞ்சு வயசுப்பா. இந்த சீசன் திரும்பலைன்னா அதோட முடிஞ்சுது. உங்களுக்கு உங்க பையன் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியுறானா? சனிக்கிழமை வரைக்கும் இந்த வீட்டுக்குப் போன் பண்ணாதீங்க" என்று வைத்துவிட்டாள். ஆகவே இந்தக் கடிதத்தை முட்டைக்கார எல்சியிடம் கொடுத்தனுப்புகிறேன். அவள் நாளை நகரத்துக்கு முட்டை கொண்டுவருகிறாள். லரிஸா பார்க்காத நேரமாகப் பிரித்துப் படிக்கவும்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் ஐஸ் ஹாக்கி அணியில் இருபத்து மூன்று பேருக்குத்தான் இடம். ஒருவன் அடிபட்டுப் படுத்தால்தான் கீழணியிலிருந்து இன்னொருவன் உள்ளே வர முடியும், படுத்தவன் எழுந்தால் வந்தவன் கிளம்ப வேண்டும். பதினாலு வருஷமாக மேலணியில் ஆடும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கீழே இருந்து பார்க்கிறவனுக்கு அது வேறு மாதிரித் தெரியும். டானிலோ கீழணியில் ஆறு வருஷம் ஊர் ஊராகப் போய் ஆடிப் பேருந்திலேயே வாழ்ந்தான். நடுவில் மூன்று முறை மேலே கூப்பிட்டார்கள். முதல் முறை, யாருக்கோ தோள் விலகியது என்று கூப்பிட்டு, இவன் விமானத்தைவிட்டு இறங்குவதற்குள் தோள் சேர்ந்துவிட்டது. இரண்டாம் முறை, ஒருவனுக்குக் காய்ச்சல் என்று கூப்பிட்டார்கள், இவன் ஸ்கேட் கட்டி, ஹெல்மெட் மாட்டி, களத்துக்குப் போகும் நடைபாதையில் வரிசையில் நிற்கும்போது காய்ச்சல்காரன் எழுந்து வந்து, "இப்ப பரவாயில்லை" என்றானாம். மூன்றாம் முறை முழு ஆட்டமும் உட்கார்ந்திருந்தான், பெஞ்சை விட்டு எழவில்லை, ஆனால் டிவியில் ஒரு விநாடி அவன் காது தெரிந்தது, அதை நாடியா நிறுத்தி நிறுத்தி ஊர் முழுக்கக் காட்டினாள். இப்போது நாலாவது முறை. ஐந்து வாரம், பதிமூன்று ஆட்டம். உங்கள் முழங்கால் கொடுத்த பதிமூன்று ஆட்டம், மாப்பிள்ளை. அவனுக்கு இருபத்தேழு வயது. இந்தத் தடவை கீழே போனால் அப்புறம் யாரும் கூப்பிட மாட்டார்கள். அடுத்த சின்னப் பையன்கள் வந்து வரிசையில் நிற்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை காலை கிளப் டாக்டர் உங்களைப் பரிசோதிக்கிறார் என்று தெரியும். சனிக்கிழமை ஆட்டம். திங்கட்கிழமை பெரிய தலைகள் உட்கார்ந்து சீசன் முடியும்வரை யார் யார் என்று முடிவெடுக்கிறார்கள். சனிக்கிழமை டானிலோ நன்றாக ஆடிவிட்டால் வேறு எவனையாவது வேறு அணிக்குத் தள்ளிவிட்டு இவனை வைத்துக்கொள்வார்கள். வெள்ளிக்கிழமையே நீங்கள் எழுந்துவிட்டால் இவன் பெயரே அந்த அறையில் அடிபடாது. சனிக்கிழமை ஆட்டத்துக்கு எங்கள் ஊரிலிருந்து நாற்பத்து மூன்று பேர் பள்ளிப் பேருந்தில் வருகிறார்கள். முப்பது வருஷம் அந்தப் பேருந்தை ஓட்டியவன் என்கிற முறையில் நானே ஓட்டுகிறேன். பாதிரியார் முன்சீட்டுக்குச் சொல்லி வைத்துவிட்டார்.

நான் உங்களைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. டாக்டர் முட்டியை மடக்கி, "வலிக்கிறதா?" என்று கேட்பார். "கொஞ்சம்" என்று சொன்னால் போதும். முப்பத்தைந்து வயதில் எந்த முட்டியும் கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும். என்னுடையது இரண்டும் வலிக்கிறது, நான் ஹாக்கி ஆடியதே இல்லை.

இது உங்கள் நன்மைக்கும்தான். ஏன் என்று சொல்கிறேன், கோபப்படக் கூடாது. கிளப்பில் என்ன காயம் என்று வெளியே விடுவதில்லை, "கீழுடம்பில் காயம்" என்று மட்டும் சொல்வார்கள், எந்த இடம் என்று தெரிந்தால் எதிரணிக்காரன் அங்கேயே வந்து இடிப்பான் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஐந்து வாரம் வாயைத் தைத்துக்கொண்டுதான் இருந்தேன். நேற்று காலை காபிக் கடையில் விதை வியாபாரி லெஸ்டர் என் எதிரே வந்து உட்கார்ந்தான்.

"என்ன ஓரெஸ்ட், உன் மாப்பிள்ளைக்கு எங்கேதான் அடி?"

"கீழுடம்புல."

"இடுப்புல ஆரம்பிச்சுப் பெருவிரல் வரைக்கும் கீழுடம்புதான். அதுல எங்கே?"

"கிளப் சொன்னது அவ்வளவுதான் லெஸ்டர்."

"ஓ, உனக்கே சொல்லலையா? சரி விடு. மாமனார்னா வெளியாள்தானே" என்றான். பக்கத்து மேசையில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்புத்தான், மாப்பிள்ளை. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "எனக்கா தெரியாது? இடது முட்டி! உள்பக்கத் தசைநார், பாதி கிழிஞ்சிருக்கு! ஸ்கேன் படத்தையே பாத்தேன்!" என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டேன். லெஸ்டர் பாதி டோனட்டைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்து போனான். லெஸ்டர் டோனட்டை மிச்சம் வைத்து இந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை. அவன் போன பிறகுதான் எனக்கு நினைவு வந்தது, சனிக்கிழமை உங்களோடு மோதப்போகிற அணியில் அவன் தங்கை மகன் இருக்கிறான். ஆறடி நாலங்குலம். கோல் போட அல்ல, ஆளை இடிக்கவே வைத்திருக்கிறார்கள். ஆகவே நீங்கள் சனிக்கிழமை களம் இறங்கினால் உங்கள் இடது முட்டிக்கு ஆபத்து. இறங்காமல் இருப்பதே உங்களுக்கு நல்லது. பார்த்தீர்களா, எப்படிப் பார்த்தாலும் என் யோசனைதான் சரியாக வருகிறது.

இதை நாடியாவிடம் இப்படியே சொன்னேன். அவள் பெரோகிக் கொழுக்கட்டைக்கு மாவு உருட்டிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமல், "வாய் தவறிச் சொன்னியா, வேணும்னே சொன்னியா?" என்றாள்.

"வாய் தவறித்தான்."

"அப்புறம் ஏன் சீட்டியடிச்சுக்கிட்டு வீட்டுக்குள்ள வந்தே?"

 சீட்டியடித்தேன் என்பதே அவள் சொல்லித்தான் தெரியும். ராத்திரி முழுக்க அதையே நினைத்துக்கொண்டு கிடந்தேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலிலும் இப்படித்தான் ஆயிற்று. நாடியா உங்கள் முட்டிக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினாள். அது அணைந்தது. நான் அணைக்கவில்லை, வாசல் கதவிலிருந்து வந்த காற்றுத்தான் அணைத்தது. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றது நான்.

இன்னொன்றும் எனக்குத் தெரியும், தெரியாததுபோல் இருக்கிறேன். ஐந்து வாரத்துக்கு முன்னால் உங்களைப் பனித்தரையிலிருந்து தூக்கிக்கொண்டு போனபோது, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கோச்சிடம் நீங்கள் சொன்ன ஒரே வார்த்தை, "டானியைக் கூப்பிடுங்க." டானிலோ சொன்னான். அப்படிப்பட்டவரிடம் போய் இந்த மாமனார் என்ன கேட்கிறான் பாருங்கள். எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. வெட்கமாக இருந்தாலும் கேட்கிறேன். அவன் என் பையன், மாப்பிள்ளை. அந்தப் பேருந்தில் அவன் இன்னொரு முறை ஏறுவதை என்னால் பார்க்க முடியாது.

லரிஸாவுக்கு என் ஆசிகள், அவள் ஏற்றுக்கொண்டால். எல்லாம் வல்ல இறைவன் உங்களுக்கு நீண்ட ஆயுளும், நிறைந்த பொறுமையும், எதிலும் பதற்றமில்லாத, மிக நிதானமான உடல்நலத் தேறுதலும் தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் நலம் நாடும் (வரும் திங்கட்கிழமைக்குப் பிறகு இன்னும் அதிகமாக நாடும்)
மாமனார் ஓரெஸ்ட்

பின்குறிப்பு (வியாழன் காலை):

ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம். டாக்டர் கேட்டால் வலியே இல்லை என்று சொல்லுங்கள்.

டானிலோ இப்போதுதான் போன் செய்தான். ஆஸ்பத்திரியிலிருந்து.  போன செவ்வாய்க்கு முந்தின செவ்வாய், ஆட்டத்தில் ஹாக்கி வட்டு வந்து அவன் பாதத்தில் அடித்ததாம். எலும்பில் விரிசல். சொன்னால் பெயரை எடுத்துவிடுவார்கள் என்று பயந்து, ஒன்பது நாளாக வீங்கின காலை ஸ்கேட்டுக்குள் திணித்து ஆடியிருக்கிறான். என்னிடம்கூடச் சொல்லவில்லை. என்னிடம் சொல்லாமல் விட்டது நல்லதுதான், காபிக் கடை பக்கத்தில்தானே இருக்கிறது.

"மச்சான்தான்ப்பா கண்டுபிடிச்சார்" என்றான். "இன்னைக்கு விடியக்காலை பாத்ரூம் வாசல்ல மறிச்சுக்கிட்டு, 'ஒன்பது நாளா நீ செவுத்தைப் புடிச்சு நடக்குறதை நான் பாக்கலைன்னு நினைச்சியா? சாக்ஸைக் கழட்டு'ன்னார். கழட்டினேன். 'மடையா, நல்லாயிருக்கேன்னு நடிச்சேன்னா நாளைக்கே உன்னைப் பஸ்ல ஏத்திருவாங்க. அடிபட்டவனைக் கீழே அனுப்பக் கூடாது, அதுதான் விதி. வா டாக்டர்கிட்ட. உன்னைத் தூக்க என் முட்டிக்கு இன்னும் தெம்பு வரலை, நடந்து வா'ன்னு கூட்டிட்டு வந்துட்டார். மேலணிக் காயப் பட்டியல்லயே எழுதிட்டாங்கப்பா. எலும்பு கூடுற வரைக்கும் என்னை யாரும் அசைக்க முடியாது."

அந்த விதி எனக்குத் தெரியாதா? முப்பது வருஷமாகத் தெரியும். உலகத்தில் எல்லோருடைய மகனுக்கும் காயம் படலாம், என் மகனுக்குப் படாது என்று இருந்துவிட்டேன். உங்களைப் படுக்கவைக்க நான் இங்கே உட்கார்ந்து பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருக்கிறேன், நீங்கள் அங்கே என் பையனின் சாக்ஸைக் கழற்றிக்கொண்டிருக்கிறீர்கள். கடிதத்தைக் கிழித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். நாடியா விடவில்லை. "ரெண்டையும் அனுப்பு. எப்படிப்பட்ட மாமனார் வாய்ச்சிருக்கான்னு அவருக்கும் தெரியட்டும்" என்கிறாள். லரிஸா படித்தாலும் பரவாயில்லை.

ஆனால் லெஸ்டர் விஷயம் மிச்சம் இருந்தது. போனை வைத்ததும் கோட்டைக்கூடச் சரியாக மாட்டாமல் காபிக் கடைக்கு ஓடினேன். எல்லோர் முன்னாலும் நின்று, முந்தாநாள் சொன்னது பொய், அடிபட்டது முட்டியே அல்ல, முதுகு என்று கத்தினேன். யாரும் நம்பவில்லை. லெஸ்டர், "ஏன் ஓரெஸ்ட் இப்படி மூச்சு வாங்குற? ரெண்டு நாள்ல முட்டி எப்படி முதுகாச்சு?" என்று சிரித்தான். சனிக்கிழமை இரண்டு முட்டிக்கும் ஒரே மாதிரி கட்டுப் போட்டுக்கொண்டு இறங்குங்கள். அதற்கு மேல் எனக்கு வேறு வழி தெரியவில்லை. நாற்பத்து மூன்று பேரும் வருகிறார்கள். டானிலோ மேலே பார்வையாளர் வரிசையில் காலில் கட்டோடு உட்கார்ந்திருப்பான், நாங்கள் உங்கள் பெயரைச் சொல்லிக் கத்துவோம்.

பேருந்தை மட்டும் நாடியா ஓட்டுவாள். கடையை விட்டு வெளியே வரும்போது வாசல்படிப் பனியில் வழுக்கி விழுந்துவிட்டேன். லெஸ்டர் ஓடிவந்து தூக்கினான். கடையில் இருந்த அத்தனை பேரும் சுற்றி நின்று, எங்கே அடி, எங்கே அடி என்று கேட்டார்கள்.

கீழுடம்பில் என்று சொன்னேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை, மாப்பிள்ளை.