‘கட்டியாச்சா?’ என்னும் நான்காம் கேள்வி

உலகம் இளைஞர்களுக்கென்று ஓர் ஆண்டையே ஒதுக்கிய 1985-இல், திண்டுக்கல் அவர்களுக்கென்று ஒரு படிவத்தையே ஒதுக்கியது. ஆண்டு டிசம்பரோடு தீர்ந்துவிடும், படிவம் தீராது. எந்தக் கொடை பெரிது என்று நீங்களே சொல்லுங்கள்.

‘இளைஞர் வருங்கால வீட்டுத் தேவை ஆய்வுக் குழு’ என்பது எங்கள் பெயர். சொல்லி முடிப்பதற்குள் ஓர் இளைஞனுக்கு நரை விழுந்துவிடும். செயலாளர், அடியேன். வீடு விஷயத்தில் எனக்கு அனுபவம் உண்டு. சொந்த வீடு இருக்கிறது. அதன் மாடி போர்ஷன் இரண்டு வருஷமாகக் காலி. வாசலில் ‘வாடகைக்கு விடப்படும் - குடும்பத்தாருக்கு மட்டும்’ என்று பலகையும் தொங்குகிறது.

முதல் படிவத்துக்கு ஆள் தேடி அலையவில்லை. பூட்டுப் பட்டறையில் வேலை பார்க்கும் பாஸ்கல், மாடியைக் கேட்டு மூன்றாம் முறையாக வந்து நின்றான். பிடித்து உட்கார வைத்தேன்.

“எங்கே தங்குறே?”

“பட்டறையிலதான் சார். அஞ்சு பேரு. ஒருத்தன் திரும்பிப் படுத்தா அம்புட்டுப் பேரும் திரும்பணும்.”

“ஒத்துமை! நல்லது. எத்தனை அறை?”

“மேஸ்திரி போன வாரம் குடுத்த ஒண்ணுதான் சார்.”

‘அறை: 1’ என்று எழுதினேன். அடுத்தது, ‘வீடு’ என்ற தலைப்பின் கீழ் நான்காம் கேள்வி: ‘கட்டியாயிற்றா?’ பேச்சுத் தமிழில் கேட்டால்தான் மக்கள் மனம் திறப்பார்கள் என்பது சுற்றறிக்கை.

“கட்டியாச்சா?”

பாஸ்கல் தலையைக் குனிந்துகொண்டான். “இன்னும் இல்ல சார். தை மாசம் கட்டுறேன். செபாஸ்தியம்மாள்னு பேரு.”

வீட்டுக்குப் பெயர் வைப்பது நல்ல பழக்கம். குறித்துக்கொண்டேன்.

“அவுக அப்பா, வீடு பாத்துட்டு வா, பொண்ணு தாரேங்குறாரு. நீங்க, பொண்ணு கட்டிக்கிட்டு வா, வீடு தாரேங்குறீங்க. நான் எங்கிட்டுத்தான் சார் போறது?”

படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை.

சின்னாளப்பட்டி, வடமதுரை, ரெட்டியார்சத்திரம் என்று சுற்றினோம். எங்கே கேட்டாலும் வாலிபர்கள் ஒரே குரலில் ‘தை மாசம்’ என்றார்கள். சிலர் ‘அத்தை மகளை’ என்றார்கள். ‘குடும்ப இடத்தில்’ என்று திருத்திக்கொண்டேன்.

மார்கழியில் குழு கூடியது. மிக்சர் வந்தது. தலைவர் கணக்கைப் பார்த்து அலறினார்.

“ஒரே மாசத்துல நானூறு பேரு கட்டுறாங்களா! சிமெண்டுக்கு எங்கய்யா போறது?”

“குடிக்கவே தண்ணியில்ல. சாந்து குழைக்க யாரு தருவா?” என்றார் ஓர் உறுப்பினர்.

தள்ளிப்போடச் சொல்வதென்று ஏகமனதாகத் தீர்மானம். நானூறு கடிதங்கள் பறந்தன: ‘தாங்கள் தை மாதம் கட்டவிருப்பது குழுவின் கவனத்துக்கு வந்துள்ளது. பொதுநலன் கருதி ஓராண்டுக்குக் கட்ட வேண்டாமெனக் கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்.’

தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள். எங்கள் ஊரில் கடிதம் பிறந்தது. பாஸ்கலுடைய கடிதத்தில் ‘செபாஸ்தியம்மாள் இல்லம்’ என்று விலாசம் எழுதியிருந்தோம். தபால்காரர் கெட்டிக்காரர். நேராகக் கொண்டுபோய்ச் செபாஸ்தியம்மாளின் அப்பா சூசைமாணிக்கத்தின் கையில் கொடுத்துவிட்டார்.

மறுநாளே அந்தப் பெண் பாஸ்கலை இழுத்துக்கொண்டு என் வாசலுக்கு வந்தாள்.

“எங்கப்பா ஒருவழியா எறங்கி வந்து, மாதா கோயில்ல எங்க கல்யாண ஓலை மூணுல ரெண்டு வாசிச்சாச்சு சார். கல்யாணத்துக்குத் தடை தெரிஞ்சவுக சொல்லுங்கன்னு சாமியார் கேட்டாரு, ஒரு ஈ காக்கா வாயத் தொறக்கல. மூணாவது ஓலை வாசிக்கிறதுக்குள்ள நீங்க ஒண்ணு அனுப்பிட்டீங்க! சர்க்காரே தடை சொல்லிருச்சுன்னு எங்கப்பா உக்காந்துட்டாரு. வீட்டுச் சாவியக் கண்ணுல காட்டுனாத்தான் கல்யாணமாம். அந்த மாடியக் குடுத்துருங்க சார்.”

“பலகையைப் படிச்சியாம்மா? குடும்பத்தாருக்கு மட்டும்.”

“குடும்பமாகத்தானே சார் கேக்குறோம்! இவரை எங்க வீட்டுக்காரருன்னு வாய் நெறையச் சொல்லணும்னு கெடக்கேன். வீட்டுக்காரரு நீங்க மனசு வச்சாத்தானே இவரு எனக்கு வீட்டுக்காரரு ஆக முடியும்?”

சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் மனசு கேட்கவில்லை. உடனே ஒரு புதுப் படிவம் எடுத்துக் கொடுத்தேன். ‘வீடு கிடைக்கத் தடையாக இருப்பவர்?’ என்ற கடைசிக் கேள்விக்கு, ‘வீட்டுக்காரர்’ என்று காகிதம் கிழிய அழுத்தி எழுதிவிட்டுப் போனாள்.

குழு அதை ஆழ்ந்து பரிசீலித்தது. ‘இளம்பெண்களுக்கு வீடு கிடைக்கத் தடையாக இருப்பவர்கள் அவர்களுடைய கணவர்களே’ என்பது எங்கள் அறிக்கையின் முக்கியமான கண்டுபிடிப்பு.

பங்குனியில் அறிக்கை முடிந்தது. நானூறு படிவங்களையும் வைக்க இடமில்லாமல் குழு தவித்தது. நான் என்ன கல்நெஞ்சனா? என் மாடியை வாடகைக்குக் கொடுத்தேன்.

கதவுக்குப் பூட்டு மாட்டப் பட்டறையிலிருந்து வந்தவன் பாஸ்கல்தான். மூன்றாவது ஓலை வாசிக்கப்படவே இல்லையென்று அவன் முகத்திலேயே தெரிந்தது. அறை முழுக்கக் கால் நீட்டிப் படுத்திருந்த கோப்புகளைப் பார்த்தான்.

“இதுகளுக்கு மட்டும் எப்படி சார் வீடு குடுத்தீங்க?”

ஒரு கோப்பைத் தூக்கி, அதைச் சுற்றியிருந்த சிவப்பு நாடாவை அவனுக்குக் காட்டினேன்.

“இதெல்லாம் கட்டியாச்சுப்பா.”