சுவருக்கு அந்தப் பக்கத்துக் கோபம்

"அக்கா, பேஸ் கொஞ்சம் தூக்கலா இருக்கு. லேசாக் குறைச்சுக்குங்களேன். என் குரல் அமுங்குது" என்றார் பாடகர்.

அவள் குனிந்து, தன் பேஸ் கிட்டாரின் ஒலிபெருக்கிப் பெட்டியில் குமிழைக் கொஞ்சம் திருகினாள். பாட்டு மறுபடி ஆரம்பித்தது. சரணத்துக்குப் போவதற்குள் பின்சுவரில் சத்தம் கேட்டது.

டொக். டொக். டொக்.

நான்கு பேரும் வாசிப்பதை நிறுத்திச் சுவரைப் பார்த்தார்கள்.

"போச்சு. வீட்டுக்காரர் காதுக்குப் போனா இந்த ரூமும் போச்சு. ஒரு புகார் வந்தாலும் காலி பண்ணச் சொல்லிடுவேன்னு அன்னைக்கே சொன்னாரு" என்றார் டாக்டர்.

டாக்டர் என்றால் பல் டாக்டர். கிளினிக்கின் பின்னறையில் ஞாயிறு மதியம் டிரம்ஸ் வாசிப்பவரும் அவர்தான். பாடகருக்கு வார நாட்களில் மருந்துக்கடை. கிட்டார் வாசிப்பது அவளுடைய சொந்தத் தம்பி, இன்சூரன்ஸ் ஏஜெண்ட். ஓரத்தில் கிடக்கும் பழைய பல் நாற்காலியில் மல்லாந்துகொண்டுதான் அவன் கிட்டாருக்குச் சுருதி சேர்ப்பான். சுருதி சேர்க்கும்போது அவனுக்கு வாய் தானாகத் திறந்துகொள்ளும்.

"எது கேக்குதாம் அவங்களுக்கு?" என்றான் தம்பி.

டாக்டர் தன் டிரம்ஸைப் பார்த்தார். நோயாளிகள் பயப்படக் கூடாதென்று முதல் நாளே அவற்றின் மேல் கிளினிக் துண்டுகளைப் போர்த்தியிருந்தார். பாட்டும் கிட்டாரும் வரும் ஸ்பீக்கர்கள் எதிர்மூலையில், வாசலைப் பார்த்து இருந்தன. பின்சுவரில் முதுகை ஒட்டி உட்கார்ந்திருந்தது ஒன்றே ஒன்றுதான். அவளுடைய பேஸ் பெட்டி. பிளக் பாயிண்ட் அங்கேதான் இருந்தது.

மூன்று பேரும் மெதுவாக அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

இந்தக் குழுவில் சேர்ந்த பிறகு மூன்று பேரும் சேர்ந்தாற்போல் தன்னைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை என்று அவளுக்குத் தோன்றியது.

அவளுக்கு முன்னால் பேஸ் வாசித்தவர் வேலை மாற்றலாகி வேறு ஊருக்குப் போய்விட்டார். போனது குழுவுக்குத் தெரியவே சில வாரங்கள் ஆயின. அதன் பிறகுதான் தம்பி அவளிடம் வந்து நின்றான். "நாலே கம்பிதான்கா. எனக்கு ஆறு. உனக்கு ரெண்டு லாபம்" என்றான். பொழுதுபோகட்டும் என்று கையில் வாங்கினாள். வாங்கிய பிறகு கீழே வைக்க மனமில்லை. காரணத்தை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க முடியாது. தடித்த கம்பியை அழுத்தி விடும்போது சத்தம் காதுக்கு வருமுன் நெஞ்செலும்புக்கு வரும். அதை எப்படிச் சொல்வது?

எலும்பு அவளுக்குப் பழக்கமான விஷயம். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். "மூச்சை இழுத்துப் பிடிங்க. அசையாதீங்க. விடுங்க." நாள் முழுக்க இதையே சொல்வாள். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது ஆஸ்பத்திரி டாக்டர். எலும்பு நோயாளியுடையது. இடையில் ஒருத்தி இருந்தாள் என்பது படத்தில் எங்கும் தெரியாது. நன்றாக எடுத்த படத்தின் லட்சணமே அதுதான்.

வீட்டிலும் அப்படித்தான். அடுத்த அறையில் அவள் பழகுகிற சத்தத்தைக் கேட்டுவிட்டு, ஃப்ரிட்ஜ் உறுமுகிறது என்று கணவர் மெக்கானிக்கை வரவழைத்தார். மெக்கானிக் வந்தபோது அவள் வேலையில் இருந்தாள். அரை நாள் தேடிப் பார்த்துவிட்டு, "எல்லாம் நல்லாத்தான் சார் இருக்கு" என்று போனார். அன்று மாலை கணவர், "பாத்தியா, ஆளைக் கூப்பிட்டதும் அதுவா அடங்கிடுச்சு" என்று திருப்தியாகச் சொன்னார். அவள் விளக்கவில்லை.

அடுத்த மாதம் பல் டாக்டர்கள் சங்கத்து ஆண்டு விழா. முதல் முறையாக ஒரு நிஜ மேடை. கணவரையும் மகளையும் அவளே வரச் சொல்லியிருந்தாள். எதற்கும் யாரையும் கூப்பிட்டுப் பழகாதவள் அவள். கூப்பிட்ட பிறகு ஒரு மாதிரி கூச்சமாகவே இருந்தது.

"இன்னும் கொஞ்சம் குறைங்கக்கா" என்றார் பாடகர்.

குறைத்தாள். சுவரில் தட்டல் இன்னும் பலமாக விழுந்தது.

அடுத்த ஞாயிறு தம்பி தன் வீட்டுப் பழைய மெத்தையை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தான். பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே அதைச் செருகினார்கள். பாட்டு பாதி போவதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ கட்டையால் அடிக்கிற சத்தம். மேலேயிருந்து சுண்ணாம்பு உதிர்ந்து டாக்டரின் தலையில் விழுந்தது.

"யாருதான் இருக்காங்க அந்தப் பக்கம்?" என்றார் டாக்டர், தலையைத் தட்டிக்கொண்டே.

யாருக்கும் தெரியவில்லை. அந்தக் கட்டடத்துக்கு வாசல் பின்தெருவில். நான்கு பேரில் ஒருவரும் அந்தத் தெருவுக்குள் போனதில்லை.

"ரிட்டயர்டு ஆபீசரா இருக்கும். தட்டுறதிலேயே ஒரு அதிகாரம் தெரியுது" என்றார் பாடகர்.

"இல்லை, சீக்காளி யாரோ. பாவம், படுத்த படுக்கையா இருப்பாங்க" என்றார் டாக்டர்.

"சீக்காளி அடிக்கிற அடியா சார் இது? சுண்ணாம்பே உதிருது" என்றான் தம்பி.

அவளுக்குள் ஒரு வெட்கங்கெட்ட சந்தோஷம் ஊறிக்கொண்டிருந்தது. யாரோ ஒருவருக்குக் கேட்கிறது. முகம் தெரியாத ஒரு ஆள், அவள் விரல் அசைந்ததும் கட்டையைத் தூக்கும் அளவுக்கு அவளைக் கவனித்துக்கொண்டிருக்கிறார். கோபமாக இருந்தால் என்ன? கோபப்படுவதற்காவது கேட்டிருக்க வேண்டுமே. இப்படி நினைப்பது எவ்வளவு பரிதாபம் என்றும் அவளுக்குத் தெரிந்தது. பஸ்ஸில் வீடு திரும்பும்போது அந்தத் தட்டலை நினைத்துப் பார்த்தாள். அவசரமான தட்டல். கூப்பிடுவதுபோல. பிறகு, தன் மனது தனக்குச் சாதகமாகப் பேசுகிறது என்று அந்த நினைப்பை ஒதுக்கினாள்.

அதற்கடுத்த வாரம் நீளமான ஒயர் வாங்கி, பெட்டியை அறையின் நடுவுக்குக் கொண்டுவந்து, ஒரு ஸ்டூல் மேல் ஏற்றி வைத்தார்கள். அடியில் இரண்டு தலையணைகள். மெத்தை சுவரோடு நின்றது. பெட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்த ஆள்போல இருந்தது. இப்போது தட்டல், பாட்டு முழுவதும் நிற்காமல் விழுந்தது.

"மனுஷங்களா இவங்க?" என்று பாடகர் மைக்கிலேயே கேட்டுவிட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அக்கா, உங்களைச் சொல்லல" என்றார்.

விழாவுக்கு முந்தைய ஞாயிறு. பெட்டியின் சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் குமிழை முழுவதுமாகப் பூஜ்யத்துக்குத் திருகினாள். யாரிடமும் சொல்லவில்லை. முதல் பாட்டுக்கு மட்டும் அப்படி வாசிப்போம், பேஸ் எங்கே என்று யாராவது கேட்பார்கள், அப்போது ஏற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

முதல் பாட்டு முடிந்தது. யாரும் கேட்கவில்லை.

இரண்டாவதும் முடிந்தது. விரல்கள் சரியான இடத்தில் சரியான நேரத்தில் போய் வந்துகொண்டிருந்தன. பல்லவி திரும்பும் இடத்தில் அவள் வழக்கமாகச் செய்கிற சின்ன இறக்கம் ஒன்று உண்டு. யாரும் கவனிக்காவிட்டாலும் அவளுக்குப் பிடித்தது. அதைக்கூட விடாமல் வாசித்தாள். சத்தமில்லாமல்.

மூன்றாவது பாட்டு முடிந்ததும் பாடகர் மைக்கை வைத்துவிட்டுக் கைதட்டினார்.

"இன்னைக்குத்தான் அம்சமா உக்காந்துச்சு. என்ன சொல்றீங்க டாக்டர்?"

"ரொம்ப சுத்தமா இருந்துச்சு" என்றார் டாக்டர்.

"அக்கா, இன்னைக்கு உன் வாசிப்புலயும் ஒரு பக்குவம் தெரிஞ்சுது" என்றான் கூடப் பிறந்தவன்.

அவள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் சுவர் அதிர்ந்தது. இதுவரை விழாத அடி. இவர்கள் தேநீர் எடுத்துக்கொண்டு உட்கார்ந்த பிறகும் அடி நிற்கவில்லை.

"நாம வாசிக்கிறத நிறுத்துனப்புறமும் அடிக்கிறாங்கன்னா, உள்ளே எவ்வளவு கோபம் இருக்கணும்!" என்றார் பாடகர்.

இன்றைக்கு அவள் ஒரு சத்தமும் எழுப்பவில்லை. அது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். சொல்லலாம். 'நான் இல்லை, நான் பூஜ்யத்தில் இருந்தேன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பழி நீங்கிவிடும். ஆனால் சொன்ன அந்த நிமிடமே, மூன்று பாட்டுக்கும் அவள் இல்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை என்பதும் எல்லாருக்கும் தெரிந்துவிடும். அவர்கள் சங்கடப்படுவார்கள். தம்பி அவள் முகத்தைப் பார்க்க மாட்டான். அதைவிட, செய்யாத சத்தத்துக்குப் பழி ஏற்பது சுலபமாக இருந்தது.

பாடகர் தொண்டையைச் செருமினார். மருந்துக்கடையில், மருந்து இல்லை என்று சொல்வதற்கு முன் செருமுவாரே, அந்தச் செருமல்.

"அக்கா, தப்பா எடுத்துக்கக் கூடாது. இந்த ரூம் இல்லேன்னா குழுவே இல்லை. விழாவுல பேஸை ரெக்கார்டு பண்ணிப் போட்டுக்கலாமே. நீங்களும் மேடையில எங்ககூட நில்லுங்க. சும்மா நின்னாப் போதும்."

"இன்னைக்கு மாதிரியா?" என்றாள் அவள்.

அவருக்குப் புரியவில்லை. "ஆமாக்கா, இன்னைக்கு மாதிரியே அழகா."

தம்பி பல் நாற்காலியின் கைப்பிடியைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"அதோட," என்றார் டாக்டர், "ஒரு நடை எல்லாரும் போய் மன்னிப்புக் கேட்டுட்டு வந்துடுவோம். அவங்க வீட்டுக்காரர்கிட்டப் போறதுக்கு முன்னாடி நாம முந்திக்கணும். நீங்களும் வரணும்மா. ஆளை நேரே பாத்தா அவங்களுக்கும் கோபம் தணியும்."

பேஸை உறையில் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டாள். இனி அந்த அறையில் அதற்கு வேலை இல்லை. மகளிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே நடந்தாள். வர வேண்டாம் என்றால் ஏன் என்பாள். வந்தாலோ, அம்மா சும்மா நிற்பதைப் பார்ப்பாள். கஷ்டம் என்னவென்றால், மகளுக்கு வித்தியாசம் தெரியாமலும் போகலாம்.

பின்தெரு குறுகலானது. சைக்கிள் கடை, பூட்டிக் கிடந்த அச்சகம், அதையடுத்து சின்னதாக ஒரு கடை. உள்ளேயிருந்து சூடும் நீராவியும் வாசலுக்கு வந்துகொண்டிருந்தன. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் ஒரு பக்கம் மலைபோலக் குவிந்து கிடந்தன. மறுபக்கம் மடித்து அடுக்கியவை, மிகக் கொஞ்சமே. நடுவில் கனத்த மேசை. அதன் பின்னால் இஸ்திரிப் பெட்டியோடு ஒரு பெண்மணி. தோள்கள் அகலமாக இருந்தன. அந்தப் பெண்மணியின் முதுகுக்குப் பின்னாலிருந்த சுவர்தான் இவர்களுடைய சுவர். அதில் சுண்ணாம்பு பெயர்ந்த ஒரு குழி. குழிக்குக் கீழே ஒரு கட்டை சாய்ந்திருந்தது.

மூன்று ஆண்களும் வாசலில் கைகட்டி நின்றார்கள்.

"என்ன வேணும்? ஞாயித்துக்கிழமை இஸ்திரிக்குப் புதுசா துணி வாங்கிக்கிறதில்ல. இருக்கிறதே முடியல" என்றாள் அந்த அம்மாள்.

"துணி இல்லம்மா," என்றார் பாடகர். "நாங்க சுவருக்கு அந்தப் பக்கத்துல இருந்து வர்றோம். மன்னிப்புக் கேக்கத்தான் வந்தோம். உங்களுக்கு எவ்வளவு தொந்தரவா இருந்திருக்கும்னு புரியுது. இனிமே அந்தச் சத்தம் வராது. நான் பொறுப்பு."

இஸ்திரிப் பெட்டி மேசைமேல் நிமிர்ந்து நின்றது.

"எந்தச் சத்தம்?"

"அதான்மா, அந்த… தும் தும்முனு." பாடகர் ஒதுங்கி வழிவிட்டு அவளை முன்னால் காட்டினார். "இவங்கதான். நல்ல மனுஷி. வேணும்னு பண்ணல. இனி வாசிக்க மாட்டாங்க."

அந்த அம்மாள் மேசையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள். ஈரக் கையை இடுப்பில் துடைத்துக்கொண்டாள். இவள் முதுகில் இருந்த நீண்ட உறையைப் பார்த்தாள். பிறகு இவளுடைய வலது கையை எடுத்துத் திருப்பி, விரல் நுனிகளில் காய்த்திருந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள். அந்த அம்மாளின் விரல்களும் அப்படித்தான் காய்த்திருந்தன.

"நீதானாம்மா அது?"

இவள் தலையசைத்தாள்.

"ஏம்மா குறைச்சே? ஞாயித்துக்கிழமை பூரா உன் சத்தத்துலதான் என் கை ஓடிக்கிட்டிருந்துச்சு. ஒரு மாசமா தேஞ்சு தேஞ்சு இன்னைக்குச் சுத்தமா நின்னுபோச்சு. குவியலைப் பாத்தியா? ஏத்து, ஏத்துன்னு எவ்வளவு நேரம்தான் தட்டுவேன்? பாதியில இறங்கி வருவியே ஒரு இடம், அங்கதான் நான் துணியத் திருப்பிப் போடுவேன்."

தம்பி அக்காவைப் பார்த்தான். டாக்டர் கட்டையைப் பார்த்தார். பாடகர் செருமப் போனவர், நிறுத்திக்கொண்டார்.

அந்த அம்மாள் அப்போதுதான் மற்ற மூவரையும் நிதானமாக ஏற இறங்கப் பார்த்தாள்.

"அது சரி, வாசிக்கிறது இந்தப் பொண்ணு. நீங்க மூணு பேரும் உள்ளே உக்காந்துக்கிட்டு என்ன பண்றீங்க?"