சுவடழிப்புப் பாடக்குறிப்பு

ஒழுக்கத்தை உரத்த குரலில் பேசுகிறவருக்கு மாலை அணிவிக்குமுன், அவர் வீட்டுக் கணினியை ஒருமுறை திறந்து பார்த்துவிடுவது நல்லது. (இக்கருத்து என் வீட்டுக் கணினியிலிருந்தே எனக்குக் கிடைத்தது என்பதால், பிறர் எவரும் வருந்த வேண்டியதில்லை.)

சித்தூரில் ஒரு திருச்சபைப் பள்ளியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தெலுங்கு வழங்கும் நாட்டில் தமிழைக் காக்கும் பொறுப்பு என் தோள்மேல் ஏற்றப்பட்டிருப்பதாக நெடுங்காலம் நம்பியிருந்தேன். ஏற்றியவர் யார் என்பது மட்டும் இன்றுவரை விளங்கவில்லை. அப்பொறுப்புக்கு முதற்பலியானவள் என் மனைவி சாராள். மாலைதோறும் அவள் விரும்பிப் பார்த்துவந்த தெலுங்குத் தொலைக்காட்சித் தொடரை, "தமிழாசிரியன் இல்லத்தில் விளக்கேற்றும் நேரத்தில் வேற்றுமொழி ஒலிப்பது முறையன்று" என்று கூறிச் சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் நிறுத்தினேன். தொடரின் நாயகிக்குத் தாலி கட்டப்போகும் கட்டம் அது. சாராள் எழுந்துபோய்க் கீரை ஆயத் தொடங்கினாள். அதனைத் தமிழுக்குக் கிடைத்த வெற்றி என்று நான் எண்ணிக்கொண்டேன்.

இனி ஒப்புதல் வாக்குமூலம்.

திருப்பதியில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் பணிபுரியும் எங்கள் மகள் அருள்மொழி, தன் பழைய கணினியை எங்கள் கூடத்தில் நிறுவிவிட்டுப் போனாள். அம்மா காலை வேதத் தியானப் பக்கத்தை இணையத்தில் படிக்கவும், நான் அகராதி பார்க்கவும் என்பது ஏற்பாடு. நானும் அகராதிதான் பார்த்தேன், முதல் நான்கு நாள். ஐந்தாம் நாள் சுட்டி தவறி ஒரு காணொளியைத் தொட்டுவிட்டது. தெலுங்குத் திரைப்படத் துணுக்கு. நாயகன் மீசையை முறுக்குகிறான்; எதிரே வந்த நான்கு மகிழுந்துகள் தாமாகவே கவிழ்கின்றன; ஐந்தாவது மகிழுந்து மன்னிப்புக் கோருவதுபோல் மெல்லப் பின்வாங்குகிறது. நான் சிரித்தேன். கண்ணில் நீர் வரச் சிரித்தேன். அதன்பின் சாராள் காய்கறிச் சந்தைக்கோ பெண்கள் சங்கக் கூட்டத்துக்கோ புறப்படும் நேரமெல்லாம் எனக்குத் திருவிழா நேரமாயிற்று. ஆறு திங்களில், அடியாட்கள் எந்தப் பக்கம் பறந்து விழுவார்கள் என்பதை முன்கூட்டியே உரைக்கும் புலமை எனக்கு வாய்த்தது.

ஒரு காலை சாராள் தியானப் பக்கத்தைத் திறக்க அமர்ந்தாள்.

"ஏங்க, இங்க வாங்க. ரெண்டு எழுத்து அடிச்சா தியானம் தானா வரும்னு பொண்ணு சொல்லிக்குடுத்தா. இப்ப எவனோ மீசக்காரன் வந்துக்கினு கீறான்."

"விளம்பரம்" என்றேன்.

"விளம்பரமா? தெலுங்குலயா?"

"ஆந்திரத்தில் வாழ்கிறோம் அல்லவா!"

அவள் என்னை ஒரு நொடி கூடுதலாகப் பார்த்தாள். அந்த ஒரு நொடியில் என் நெஞ்சு கலங்கிப்போயிற்று. மீசைக்காரனைப் பார்த்தது பெருங்குற்றம் அன்று. அவளுடைய தொடரைப் பறித்தவன் பார்த்தது குற்றம். இவள் அறிந்தால், இனி என் எந்தச் சொல்லை நம்புவாள்?

அன்று நண்பகலே கடைவீதியில் கணினி பழுதுபார்க்கும் முனிரத்தினத்திடம் சென்றேன். "ஒரு நண்பருக்காகக் கேட்கிறேன்" என்று தொடங்கினேன்.

"கேளுங்க மாஸ்டாரு. இந்தக் கடைக்கு வர்றவங்க அத்தினி பேரும் பிரெண்டுக்குத்தான் கேக்குறாங்க. அந்த பிரெண்டு யாருன்னுதான் இதுவரைக்கும் தெரியல."

"பார்த்தவற்றின் சுவட்டை அழித்தால் போய்விடுமா?"

"ஹிஸ்டரி க்ளியர் பண்ணா மேலாப்புல போவும். உள்ள ஹிட்டன் பைலுங்க குந்திக்கினு இருக்கும். வியூல போயி ஹிட்டன் ஐட்டம்ஸுக்கு டிக் போடுங்க, மங்கலா தெரியும். அதுல, பாத்ததெல்லாம் சேந்து கெடக்குற கேச் மட்டும் எடுங்க மாஸ்டாரு. மத்தது ஒன்னும் தொடாதீங்க. ஜாக்ரத்த!"

இங்கே என் தொழிற்பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பாடக்குறிப்பு எழுதாமல் எந்த வகுப்புக்குள்ளும் நான் நுழைந்ததில்லை. ஆகவே முனிரத்தினம் சொல்லச் சொல்ல, சட்டைப்பைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். உடனுக்குடன் தூய தமிழில் பெயர்த்தும் எழுதினேன். ஹிட்டன் பைல் என்பதை 'மறைகோப்பு' என்றும், கேச் என்பதைக் 'கரவுக்கிடங்கு' என்றும் ஆக்கினேன். கடை வாயிலிலேயே அத்தகைய சொற்கள் எனக்குச் சுரந்ததை எண்ணி நெஞ்சு நிமிர்ந்தேன். வீட்டுக்கு வந்ததும் ஒரு முழுத்தாளில், தலைப்புகளுக்குச் சிவப்பு மையும் செய்திக்கு நீல மையுமாக, அதனைத் தெளிவாகப் படியெடுத்தேன்.

வியாழன் பிற்பகல் சாராள் சங்கக் கூட்டத்துக்குப் போனாள். நான் தாளைக் கணினியின் மீது சாய்த்துவைத்து அமர்ந்தேன்.

முதற்படி இனிதே முடிந்தது. மறைந்திருந்தவை தோன்றின. நீரில் நனைத்து உலர்த்தியவைபோல வெளிறிய கோப்புறைகள், முன்பு ஒன்றுமில்லாதிருந்த இடத்தில் வந்து நின்றன. இவை இத்தனை நாளும் இங்கேயா இருந்தன? நான் மீசைக்காரனைப் பார்த்துச் சிரித்தபோதெல்லாம் இவை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தனவா?

இரண்டாம் படி: 'கரவுக்கிடங்கினை மட்டும் தெரிந்தெடுத்து நீக்குக.' திரையைப் பார்த்தேன். எல்லாம் ஆங்கிலம். கரவுக்கிடங்கு எங்கே? தாளைப் பார்த்தேன். மூலச்சொல் என்னவென்று தாளில் இல்லை. (வேற்றுச் சொல்லை என் கையால் எழுதுவது இழுக்கு என்று அதனை விட்டிருந்தேன்.) நினைவைத் துழாவினேன். முனிரத்தினம் சொன்னது 'கே' என்று தொடங்கியது, அவ்வளவுதான் எஞ்சியிருந்தது. கரவு என்றால் ஒளிப்பு. ஒளிப்புக்கு ஆங்கிலத்தில் என்ன? அச்சொல்லைத் தேடினேன், அந்தப் பெயரில் ஒன்றும் இல்லை. என் சொல்லாக்கத்தை நானே ஆங்கிலத்துக்குப் பெயர்க்க முடியாமல், வியர்வை வழியச் சுட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒரு கோப்புறையைத் திறந்தால் அதனுள் ஒன்பது. அவற்றுள் ஒன்றைத் திறந்தால் அதனுள் முப்பது. வந்த வழியும் மறந்தது. எங்கோ ஓரிடத்தில் எங்கள் உலாவியின் பெயரைக் கண்டேன். அதற்குள் இருந்தவை அனைத்தும் அந்த உலாவியுடையவை. உலாவியில் பாவம் செய்தவன் நான் ஒருவனே. ஆகவே அனைத்தும் என் பாவமே என்று முடிவு கட்டினேன். முழுவதையும் தெரிந்தெடுத்தேன். உறுதியாகவா என்று கணினி கேட்டது. ஆம் என்றேன். விசுவாசத்தை உறுதிசெய்யும் திடப்படுத்தல் ஆராதனையில் பேராயர் முன்னிலையில்கூட நான் அவ்வளவு திடமாக ஆம் சொன்னதில்லை. பின்னர்க் குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன்.

உலாவியைத் திறந்தேன். முன்பின் அறியாதவனை வாயிலில் கண்டதுபோல அது என்னை வரவேற்று, நீங்கள் யார் என்று வினவியது. வெற்றியா தோல்வியா என்று புரியவில்லை. வாயிற்கதவு திறக்கும் ஓசை கேட்டது. தாளைக் கிழிக்கலாம் என்றால் கை வரவில்லை. ஆய்வாளர் வந்து கேட்கும்வரை பாடக்குறிப்பைக் கிழிக்கலாகாது என்பது எங்கள் பள்ளி விதி. விசைப்பலகையின் அடியில் செருகிவிட்டு எழுந்தேன்.

மறுநாள் காலை சாராளின் குரல் எழுந்தது. "ஏங்க, தியானத்தக் காணோம். பாட்டுங்களக் காணோம். பொண்ணு எனக்குன்னு வரிசையா வச்சிக் குடுத்தது ஒன்னுமே இல்ல. இன்னா பண்ணீங்க?"

"அகராதி பார்த்தேன்."

"அகராதி பாத்தா பொட்டி தொடச்சி வச்ச மாதிரி ஆவுமா?"

அவள் மகளைத் தொலைபேசியில் அழைத்து விவரம் சொன்னாள். அருள்மொழி, "யாரோ வேணும்னுதான் அழிச்சி கீறாங்கம்மா. ஞாயித்துக்கெழம வந்து பாக்குறேன்" என்றாள்.

தொலைபேசியை வைத்த சாராள், குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஒன்னும் இல்லன்னா எதுக்குங்க அழிக்கணும்? இந்த வயசுல இன்னாத்தப் பாத்தீங்க?"

அப்போதுதான் என் நிலை எனக்கு உறைத்தது. மீசைக்காரன் இருந்தவரை நான் வெறும் பொய்யன். அவனை அழித்தபின் நான் காமுகன். உண்மையைச் சொன்னால் பொய்யன் ஆவேன். சொல்லாவிட்டால் அதனினும் கீழ். இரண்டில் எது மேல் என்று ஆராய்ந்தபடியே இரண்டு நாள் சரியாக உண்ணாமல் கழித்தேன். "துன்னுங்க, துன்னுட்டு யோசிங்க" என்று தட்டை வைத்துவிட்டு அவள் போய்விடுவாள்.

ஞாயிறு ஆராதனை முடிந்து நாங்கள் வீடு திரும்பவும், அருள்மொழி திருப்பதிப் பேருந்தில் வந்து இறங்கவும் சரியாக இருந்தது. கணினிமுன் அமர்ந்து, தன் பெயரையும் கடவுச்சொல்லையும் இட்டாள். காணொளிப் பக்கத்தைத் திறந்தாள்.

திரை முழுதும் மீசைக்காரன். கவிழும் மகிழுந்துகள். பறக்கும் அடியாட்கள். நான் கண்டவை அனைத்தும், கண்ட வரிசை மாறாமல், உயிர்த்தெழுந்து நின்றன. நான் அழித்தது எதை? இவை எங்கிருந்து வந்தன?

அருள்மொழி திரும்பினாள், என் பக்கம் அன்று, தாயின் பக்கம்.

"உடும்மா, பரவால்ல. நைனா திட்டுவாருன்னு நீதான அழிச்ச? எனக்கு ஆறு மாசமா தெரியும். இது என் அக்கவுண்ட்டு. நீ இங்க இன்னா பாத்தாலும் திருப்பதில என் போனுல வந்துக்கினே இருந்திச்சி. அந்த சீரியலத்தான் நிறுத்திட்டாரே, அம்மா பாவம் திருட்டுத்தனமா பாக்குறாங்கன்னு நானும் கம்முனு இருந்துட்டேன்."

அக்கணத்தில் நான் வாய் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. குற்றம் தானாகவே என் தோளிலிருந்து இறங்கி அவள் தோளில் அமர்ந்துவிட்டதைக் கண்டு, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு பெருமூச்சு விட்டேன்.

"நானா?" என்றாள் சாராள். கண்கள் நிறைந்துவிட்டன.

"அட, அதுக்கு எதுக்கும்மா அழுவுற?" என்று அருள்மொழி தாயின் பக்கம் நகர, அவள் முழங்கை பட்டு விசைப்பலகை சரிந்தது. அடியிலிருந்து முழுத்தாள் ஒன்று நழுவித் தரையில் விழுந்தது. சிவப்பு மை, நீல மை.

அவள் எடுத்துப் படித்தாள். ஒரு காலத்தில் நான் பயிற்றுவித்த அதே தெளிவான உச்சரிப்பில், உரக்க.

"பாடம்: உலாவிச் சுவடழிப்பு. நோக்கம்: இல்லத்தரசி அறியாவண்ணம் மறைகோப்புகளைக் கண்டறிந்து, காணொளிச் சுவடுகளை அறவே அகற்றல். துணைக்கருவிகள்: கணினி, சுட்டி, மூக்குக்கண்ணாடி. மதிப்பீடு: அவள் திறந்து பார்க்குங்கால் மீசைக்காரன் தோன்றலாகாது."

படித்து முடித்ததும் அருள்மொழி தரையில் அமர்ந்துவிட்டாள். சிரிப்பில் அவளுக்கு மூச்சு வாங்கியது. சாராள் சிரிக்கவில்லை. தாளை வாங்கி ஒருமுறை தானே படித்தாள்.

"கீழ இது இன்னா, எடம் காலியா கீது?"

"தலைமையாசிரியர் கையொப்பத்துக்கு" என்றேன். பழக்கத்தில் கோடு கிழித்து விட்டிருந்தேன்.

"பேனா குடுங்க."

கொடுத்தேன். அந்தக் கோட்டின்மேல் தன் பெயரை நிறுத்தி எழுதினாள். பிறகு நிமிர்ந்து பார்த்து, "அந்தப் பொண்ணு கழுத்துல தாலி ஏறிச்சா இல்லியா?" என்று கேட்டாள்.

இத்தனை ஆண்டும் அதை அவள் யாரிடமும் கேட்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அன்று மாலையே அத்தொடர் முழுவதையும் தேடிக் கண்டுபிடித்து, நிறுத்திய இடத்திலிருந்து ஓடவிட்டேன். தினமும் இரண்டு பகுதி, பக்கத்தில் நானும் அமர வேண்டும், நடுவில் எழக்கூடாது. (தாலி ஏறவில்லை. மின்சாரம் போய், இருளில் மணமகளையே மாற்றிவிட்டார்கள். அதுபற்றி எனக்கு இன்றும் கடுஞ்சினம் உண்டு.)

என் குடும்பத்தார் நாவில் ஏற்ற நான் பாடுபட்ட தூய சொற்கள் ஆயிரமாவது இருக்கும். ஒன்றும் தங்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை தொடங்கி ஒரே ஒரு சொல் மட்டும் நிலைத்துவிட்டது. விருந்தினர் வந்து என்னைக் கேட்டால், "மறைகோப்பு குளிக்கப் போயிருக்குது" என்கிறாள் சாராள். திருப்பதியிலிருந்து அழைக்கும் அருள்மொழி, "மறைகோப்பு இன்னா பண்ணிக்கினு கீது?" என்றுதான் நலம் விசாரிக்கிறாள். தெலுங்கன்றி வேறொன்றும் அறியாத என் மருமகன்கூட அச்சொல்லின் றகரத்தைச் சற்றும் பிழையின்றி ஒலிக்கிறார்.